அரை பிளேட்டும் இரண்டு டிக்கெட்டும்

அம்மா வருவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. திரும்பிப் போக அவள் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தாள் என்பதுதான் இடித்தது.

"ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு," என்றாள் போனில். "சனிக்கிழமை காலையில வர்றேன். நீ தினமும் எங்கெங்க சாப்பிடுறியோ அங்கெல்லாம் என்னைக் கூட்டிட்டுப் போ. சாப்பாடு சரியா இருந்தா நான் மட்டும் கிளம்புறேன். இல்லேன்னா ஆறரை மணி பஸ்ஸுல பக்கத்து சீட்டுல நீ உட்கார்ந்திருப்பே."

"நான் ஆராய்ச்சி பண்றேம்மா. மூணாவது வருஷம். காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறதுக்கு நான் என்ன ஸ்கூல் பொண்ணா?"

"வீடியோவுல உன் கழுத்தெலும்பைப் பார்த்தேன். அதுல சாவிக்கொத்தை மாட்டலாம்."

அம்மா ஒரு நூல் ஆலையின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. இருபத்திரண்டு வருடமாக நானூறு பேருக்கு மதியச் சாப்பாடு போடுகிறாள். வரிசையில் நிற்பவனின் முகத்தைப் பார்த்தே அவன் காலையில் சாப்பிட்டானா இல்லையா என்று சொல்லிவிடுவாள். சொன்னால் சொன்னதுதான். என் அண்ணன் வெளியூரில் நல்ல வேலையில் இருந்தான். ஒருநாள் அவன் இருமியதைப் போனில் கேட்டவள், மறுநாளே போய்ப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவன் அவளுக்குக் கீழே வெங்காயம் உரிக்கிறான். நன்றாகத்தான் குண்டாகியிருக்கிறான்.

எனக்கு வெங்காயம் உரிக்க விருப்பமில்லை. நான் பாசி வளர்க்கிறேன். பதினாறு கண்ணாடித் தொட்டிகளில் இரண்டரை வருட உழைப்பு மிதக்கிறது. தினமும் இரண்டரை மணிக்கு அதற்குத் தீனி போட வேண்டும். நான் ஒரு வாரம் இல்லாவிட்டால் எல்லாம் செத்துப்போய்விடும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒன்றும் பட்டினி கிடக்கவில்லை. கையில் காசு குறைவு, அவ்வளவுதான். ஆனால் குறைந்த காசில் வாழ்வதில் இந்தப் பல்கலைக்கழகத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கடையில் எந்த நேரத்தில் எது விலை இறங்கும் என்பது எனக்கு அத்துப்படி. பின்வாசலுக்கு எதிரே ஒரு அக்காவின் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. மதியக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணி ஆனதும் அங்கே அரை பிளேட் கிடைக்கும். சோறு, மேலே காய்கறிக் குழம்பு. பாசிக்குத் தீனி போட்டுவிட்டு நேராக அங்கேதான் போவேன். தெருமுனையில் பேக்கரி. அந்த அண்ணன் உடைந்த பிஸ்கட்டுகளைப் பையில் கட்டிக் கால் விலைக்குத் தருவார், அதுதான் என் காலைச் சாப்பாடு. பேக்கரிக்குப் பின்னால் சந்தில் பழைய சாமான் கடை. படிப்பு முடித்துப் போகிறவர்கள் விற்றுவிட்டுப் போகும் வாளி, விளக்கு, மேசை, கோட்டு எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். அந்தக் கடை மாமாவிடம் பேரம் பேசி ஜெயிப்பதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. முழங்கையில் மஞ்சள் ஒட்டுப் போட்ட என் பச்சைக் கோட்டை அவர் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வாங்கினேன். வாங்கிய அன்று தெருவில் தலைகால் புரியாமல் நடந்தேன்.

ஆனால் அரை பிளேட்டையும் உடைந்த பிஸ்கட்டையும் அம்மாவிடம் காட்டினால் கதை கந்தலாகிவிடும். அதனால் வெள்ளிக்கிழமையே மூன்று கடைக்கும் போய்க் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன்.

"நாளைக்கு எங்கம்மா வர்றாங்க. நான் தினமும் வயிறு முட்டச் சாப்பிடுறவள்னு அவங்க நம்பணும். ஒரே ஒரு நாள்தான்."

அக்கா கரண்டியைக் கழுவிக்கொண்டே தலையாட்டினாள். பழைய சாமான் மாமா, "பொய் சொன்னா எனக்கு விக்கல் வரும். முயற்சி பண்றேன்," என்றார். பேக்கரி அண்ணன்தான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு, "விடு, நான் பார்த்துக்கறேன்," என்றார். அவருடைய உற்சாகத்தைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை அம்மா ஒரு கைப்பையோடு வந்து இறங்கினாள். என் சாமான்களை எடுத்துப்போகப் பெரிய பை ஒன்றையும் மடித்து உள்ளே வைத்திருந்தாள். அறைக்கு வந்ததும் கட்டிலைப் பார்க்கவில்லை, புத்தகங்களைப் பார்க்கவில்லை, நேராக ஜன்னலோரம் இருந்த டப்பாவைத் திறந்தாள். நான் எல்லாவற்றையும் ஒளித்துவைத்தவள், அதை மறந்துவிட்டேன். அம்மா ஒரு பாதி பிஸ்கட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு இன்னொரு பாதியை எடுத்தாள்.

"டப்பா கீழே விழுந்துடுச்சும்மா," என்றேன்.

"ம்," என்றாள். அந்த 'ம்' எனக்குப் பிடிக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு அக்கா கடைக்குப் போனோம். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "வாங்க மேடம், வழக்கம்போல முழு பிளேட்தானே?" என்றாள். என்னை அவள் மேடம் என்று கூப்பிட்டது அன்றுதான் முதல்முறை. இரண்டு முழு பிளேட் வந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு முட்டை, ஓரத்தில் பழம் வேறு.

அம்மா முதல் வாயை மென்று, கண்ணை மூடி, விழுங்கினாள். "சமையல் நல்லாத்தான் இருக்கு," என்றாள். எனக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. பிறகு என் தட்டைப் பார்த்தாள்.

"தினமும் இதானா?"

"தினமும்."

"அப்புறம் ஏண்டி அந்த ரெண்டாவது முட்டையை அப்படிப் பார்க்கிறே? பத்து வருஷம் கழிச்சு வந்த சொந்தக்காரங்களைப் பார்க்கிற மாதிரி."

நான் சொந்தக்காரரை வாயில் போட்டுக்கொண்டேன்.

அடுத்து பேக்கரி. அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். எங்களைக் கண்டதும் நாற்காலியைத் துண்டால் தட்டினார். "வாங்க டாக்டரம்மா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கூவினார். நான் இன்னும் டாக்டர் ஆகவில்லை. பீங்கான் தட்டில் கிரீம் கேக் வந்தது. இரண்டு வருடமாகக் கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்து வந்த கேக்.

"உங்க பொண்ணு காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு சாப்பிடாம போகாதும்மா," என்றார் அண்ணன் பெருமையாக.

அம்மாவின் முள்கரண்டி நடுவழியில் நின்றது. "ஒரு நாளைக்கு நாலு கிரீம் கேக்கா?"

"சில நாள் அஞ்சு," என்றார் அண்ணன். நான் மேசைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். அவர் அதை வேறுமாதிரி புரிந்துகொண்டார். "போன வாரம் ஆறு!"

வெளியே வந்ததும் அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு ஆறு கேக் தின்னுட்டு இளைச்சுப் போறவளை உலகத்துலேயே இப்பத்தான் பார்க்கிறேன். உனக்கு ஏதோ வியாதி இருக்கு. இல்லேன்னா உன்கிட்ட ஏதோ பொய் இருக்கு. எதுவா இருந்தாலும் ஊருக்கு வா, பார்த்துக்கலாம்."

நடுவில் ஓடிப்போய்ப் பாசிக்குத் தீனி போட்டுவிட்டு வந்தேன். பழைய சாமான் கடைதான் கடைசி நம்பிக்கை. உள்ளே நுழைந்ததும் அம்மா என்னை மறந்துவிட்டாள். காரணம், மூலையில் ஒரு அண்டா நின்றது. பழைய விடுதி ஒன்றின் சமையலறையிலிருந்து வந்ததாம். இடுப்பு உயரம், கனத்த அடி, இரண்டு பக்கமும் பிடி. அம்மா அதை விரலால் தட்டிப் பார்த்தாள், உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள், அடியைத் தடவிப் பார்த்தாள். எனக்கு வரன் வந்திருந்தால்கூட இவ்வளவு விசாரித்திருக்க மாட்டாள். பிறகு விலை கேட்டாள். மாமா சொன்னார். அம்மா சிரித்துவிட்டு அதில் பாதி சொன்னாள்.

கால் மணி நேரம் நடந்தது அந்த யுத்தம். இறங்கச் சொன்னால் மாமா இறங்கவில்லை, ஏறச் சொன்னால் அம்மா ஏறவில்லை. கடைசியில் மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அம்மா, நானும் குடும்பம் நடத்தணும். உங்க பொண்ணுக்கு விக்கிற மாதிரியே உங்களுக்கும் வித்தா நான் கடையை மூட வேண்டியதுதான். அந்த ஓட்டைக் கோட்டைக்கூட அது மூணுல ஒரு பங்குக்குத்தான்..." என்று ஆரம்பித்தவர் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து விக்கல் வந்தது.

அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள். "புதுக் கோட்டுன்னு சொன்னியே?"

குட்டு உடைந்துவிட்டது. தெருவில் நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். வேறு வழியில்லை. முழு பிளேட் பொய், கேக் பொய், டாக்டரம்மா பொய். சொல்லச் சொல்ல எனக்கே கோபம் வந்தது.

"ஆமாம், அரை பிளேட்தான் சாப்பிடுறேன்! உடைஞ்ச பிஸ்கட்தான் தின்கிறேன்! அதுல என்ன தப்பு? யார்கிட்டயும் கையேந்தல. என் சாமர்த்தியத்துல வாழ்றேன். ஒருநாள்கூட அந்தக் கடையிலிருந்து பசியோட எழுந்தது கிடையாது. நீ நம்பினா நம்பு, நம்பாட்டி போ."

"அரை பிளேட்டுல உனக்கு வயிறு நிறையுதா?" அம்மாவின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை. "நான் இருபத்திரண்டு வருஷமா கரண்டி பிடிக்கிறவ. அரைன்னா அரைதான். அதுல நிறைஞ்சுதுன்னா உன் வயிறு சுருங்கிப்போச்சுன்னு அர்த்தம். வா, துணியெல்லாம் எடுத்து வைப்போம்."

"முதல்ல வந்து பாரு. மணி மூணாகப் போகுது. அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். நான் வரிசையில நிக்கிறேன், நீ ஓரமா நின்னு பாரு. பார்த்துட்டுச் சொல்லு, அப்புறம் மூட்டை கட்டலாம்."

சவாலுக்கு அழைத்தால் அம்மா ஒருநாளும் பின்வாங்கியதில்லை. வந்தாள்.

அக்கா கடையில் சாப்பாடு வாங்கும் ஜன்னல் தாழ்வானது. உள்ளே நிற்கும் அக்காவுக்கு வாங்குகிறவர்களின் முகம் தெரியாது. நெஞ்சும் கையும் மட்டும்தான் தெரியும். அரை பிளேட்டுக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு நெட்டைப் பையன். அம்மா ஜன்னலுக்குப் பக்கவாட்டில், சுவரோடு ஒட்டி, சற்றுக் குனிந்து நின்றாள்.

"அரை," என்றான் நெட்டைப் பையன். ஒரு கரண்டி சோறு தட்டில் விழுந்தது, மேலே குழம்பு. அவன் நகர்ந்தான்.

"அரை," என்றேன் நான், மஞ்சள் ஒட்டுப் போட்ட கையை நீட்டி.

வழக்கமாக அந்த நேரத்தில் நான் சுவரில் இருக்கும் விலைப்பலகையைப் படித்துக்கொண்டிருப்பேன். இல்லையென்றால் பாசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பேன். அன்றும் பலகையைத்தான் பார்த்தேன். தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால் அம்மாவின் முகம் மாறியிருந்தது. நெட்டைப் பையனை நிறுத்தினாள்.

"தம்பி, உன் தட்டை ஒரு நிமிஷம் குடுப்பா. திருப்பித் தந்துடறேன்."

அவன் மிரண்டுபோய்க் கொடுத்தான். அம்மா அதை என் இடது கையில் வைத்தாள். என் தட்டு வலது கையில் இருந்தது. பார்க்க இரண்டும் ஒரே உயரம்.

"இப்ப எடை பாரு," என்றாள்.

என் வலது கை தாழ்ந்தது. கொஞ்சநஞ்சம் இல்லை, மூட்டு வலிக்கிற அளவுக்குத் தாழ்ந்தது. மில்லிகிராம் கணக்கில் பாசியை எடை போடுகிறவள் நான். இரண்டு வருடமாக என் தட்டை ஒருநாள்கூட எடை போட்டதில்லை.

"உன் கோட்டுக் கையைப் பார்த்தா அந்தப் பொண்ணு," என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி. "ஒரு கரண்டி போட்டா. கரண்டியோட முதுகால அமுக்கினா. இன்னொரு கரண்டி, மறுபடி அமுக்கு. மேல குழம்பை ஊத்தி மூடிட்டா. வரிசையில யாருக்கும் தெரியாது. வாங்குறவளுக்கும் தெரியாது. நானும் இதைப் பண்ணுவேன், வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுற ஆளுங்களுக்கு. அமுக்கணும்னு யோசிச்சுப் பண்றதில்லடி இது, கை தானா போகுது. தினமும் செய்ற கை."

நெட்டைப் பையன் தன் தட்டை வாங்கிக்கொண்டு நழுவினான். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், மறைக்காமல் சொல்கிறேன். என் சாமர்த்தியம், என் கணக்கு, யாரிடமும் கையேந்தாத என் கை! எல்லாம் ஒரு கரண்டியின் முதுகில் நசுங்கிப்போனது.

"அப்ப அந்த பிஸ்கட்?" என்றேன். ஏன் கேட்டேனோ.

"அடுப்புல உடைஞ்சா ஓரம் உதிர்ந்திருக்கும். உன் டப்பாவுல இருக்கிறதெல்லாம் நடுவுல நேரா உடைஞ்சிருக்கு, ஒண்ணுபோல. நல்ல பிஸ்கட்டை ஒருத்தர் உட்கார்ந்து கையால உடைச்சிருக்கார். காலையிலேயே பார்த்தேன். யாரு, எதுக்குன்னுதான் புரியல."

"பழைய சாமான் மாமாகிட்ட நான் பேரம் பேசித்தான்..."

அம்மா சிரித்தேவிட்டாள். "நீயா? உன்னைத் தக்காளி வாங்க அனுப்பினா சொன்ன விலைக்கு மேல குடுத்துட்டு வருவியேடி!"

மூக்கு உடைந்தது என்றால் இதுதான். நான் போய் மூலை மேசையில் உட்கார்ந்தேன். அம்மா கைப்பையை என் மடியில் போட்டுவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாள்.

"ஏம்மா, இவ்வளவு கூட்டத்துல தனியா அல்லாடுறியே. நகரு, நான் ஒரு கை பார்க்கிறேன்."

"ஐயோ அம்மா, நீங்களா? மத்தியானம் வந்தப்ப முழு பிளேட்..."

"முழு பிளேட் நல்லா இருந்துது. குழம்புல உப்பைக் கடைசியில போடு, காய் குழையாது. அந்தப் பெரிய கரண்டி எங்க?"

அப்புறம் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். ஜன்னலில் இரண்டு ஜோடிக் கைகள் போய்வந்தன. வரிசை மளமளவென்று நகர்ந்தது. நான் என் அரை பிளேட்டைச் சாப்பிட்டேன். சாப்பிடச் சாப்பிட அழுகை வந்தது. வெட்கமா, சந்தோஷமா, இரண்டும்தான். இந்தத் தெருவில் நான் தனியாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. தனியாக இருந்ததே இல்லை என்று தெரிந்தபோது மனசு தாங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த நெட்டைப் பையன், "என்னாச்சு?" என்றான். "காரம்," என்றேன். அவன் தன் குழம்பை இன்னொரு தரம் நக்கிப் பார்த்தான்.

ஐந்து மணிக்கு அம்மா வெளியே வந்தாள். முகமெல்லாம் வியர்வை, ஆனால் களை வந்திருந்தது. துணி எடுத்து வைப்பதைப் பற்றிப் பேசுவாள் என்று காத்திருந்தேன். அவள் நேராகப் பழைய சாமான் கடைக்கு நடந்தாள். மாமா சண்டைக்குத் தயாராக எழுந்து நின்றார். அம்மா அவர் சொன்ன விலையை அப்படியே எடுத்துக் கொடுத்தாள், ஒரு வார்த்தை பேசாமல். என் அம்மா பேரம் பேசாமல் ஒரு பொருள் வாங்கி நான் பார்த்தது அன்றுதான். மாமாவும் ஆடிப்போய்விட்டார். அண்டாவைப் பேருந்து நிலையம் வரைக்கும் தன் வண்டியிலேயே தள்ளிக்கொண்டு வந்தார். வழியில் பேக்கரி அண்ணன் ஓடிவந்து அண்டாவுக்குள் ஒரு பொட்டலத்தைப் போட்டார். "டாக்டரம்மாவோட அம்மாவுக்கு," என்றார். அதில் இருந்த பிஸ்கட் எல்லாம் முழுசு.

நான் கூட வர வேண்டுமா வேண்டாமா என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. ஆறரை மணி பஸ் கதவைத் திறந்தது. அம்மா ஏறினாள். நானும் மாமாவும் அண்டாவைத் தூக்கி உள்ளே தள்ளினோம். அம்மா அதை ஜன்னலோரச் சீட்டில் நிமிர்த்தி உட்காரவைத்து, துணி எடுத்துப்போகக் கொண்டுவந்த பெரிய பையால் இடுப்பைச் சுற்றிச் சீட்டோடு கட்டினாள்.

கண்டக்டர் வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, இது ஆளு உட்கார்ற சீட்டு."

"அதுக்கும் டிக்கெட் இருக்கு," என்று அம்மா இரண்டையும் நீட்டினாள். "என் பொண்ணுக்கு எடுத்தது. அவ வரல. அவளுக்கு இங்க ஆள் இருக்கு."

ஜன்னலுக்குக் கீழே போய் நின்றேன். "அம்மா, நாளையிலிருந்து எப்படியாவது காசு சேர்த்து முழு பிளேட்டே வாங்கிக்கறேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். உனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு காட்டிக்காதே, அவங்க கை கூச்சப்பட்டுடும். டாக்டரானதும் வந்து எல்லாருக்கும் செய்யி." பஸ் உறுமியது. அம்மா அண்டாவுக்கு மேலே எட்டி, கையை வாயருகே குவித்துக் கத்தினாள்.

"நாளைக்குப் போய் அரைன்னே கேளுடி! முழுசுன்னு கேட்டுத் தொலைச்சிடாதே, அதுல யாரும் அமுக்க மாட்டாங்க!"